தையல் வகுப்புக்கு முந்தைய அறை

மலேசிய இந்தியர் சமுதாயத்துக்கு மானியம் அறிவிக்கப்படும்போதெல்லாம் பெண்களுக்கான திறன் பயிற்சிப் பட்டியல் ஒன்றும் கூடவே வந்துவிடும். தையல், கேக், முக ஒப்பனை, மருதாணி, இப்போது சில இடங்களில் ரவிக்கைக்கு ஆரி வேலை. கோலசிலாங்கூர் தோட்டப்புறங்களிலும் அதற்கு வடக்கே தஞ்சோங் காராங், சுங்கை பெசார், சுங்கை பஞ்சாங் வட்டாரத்திலும் இந்தப் பட்டியல் பெரிதாக மாறியதில்லை. அதைக் குறை சொல்லிப் பயனில்லை; தையல் கைவந்த பெண் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் நாலு காசு பார்க்கத்தான் செய்கிறார். ஆனால் அந்த வகுப்பு கடையில் வாங்கி வந்த துணியிலிருந்துதான் தொடங்குகிறது. துணியின் முகம் எப்படி இருக்கவேண்டும் என்று வேறு யாரோ, வேறு எங்கோ தீர்மானித்து முடித்த பிறகு, வெட்டவும் தைக்கவும் நம்மைக் கூப்பிடுகிறார்கள். மறுபக்கம், தமிழ்ப்பள்ளிகளின் காட்சிக் கலைக் கல்வியில் படம் வரைதல், தோரணி உருவாக்குதல், உருவமைத்தல், பாரம்பரியக் கைவினை என்று நான்கு பிரிவுகள் இருக்கின்றன. பிள்ளைகள் தோரணி வரைகிறார்கள். ஆண்டு முடிந்ததும் அந்தத் தாள்கள் பழைய நாளிதழ்க் கட்டோடு போய்விடுகின்றன. வரைவதற்கும் தைப்பதற்கும் நடுவில் ஓர் அறை உண்டு. நோட்டில் கிடக்கும் கோடு, நூலாக மாறினால் என்ன ஆகும் என்று பின்னிப் பார்க்கும் அறை அது. திருப்பூர்க்காரர்கள் பாஷையில் சொன்னால் சாம்பிள் அறை. நம் வட்டாரத்தில் பொதுப்பணம் முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் அதுதான் என்பது என் கட்சி.

பின்னலாடை என்றதும் பலருக்குக் கேமரன் மலைக்குக் கொண்டுபோகும் கம்பளிச் சட்டைதான் நினைவுக்கு வருகிறது. உடம்போடு ஒட்டியிருக்கும் பனியன், டி-சட்டை, காலுறை, பந்து விளையாட்டு ஜெர்சி எல்லாமே பின்னல் துணிதான் என்பது மறந்துபோகிறது. நெய்த துணியில் பாவு நெடுக்கிலும் ஊடை குறுக்கிலும் ஓடும். பின்னல் துணியில் நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு வரிசையின் கண்ணிக்குள் அடுத்த வரிசையின் கண்ணி நுழைந்து மேலேறும். இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குவது அதனால்தான். கோயில் திருவிழாவிலிருந்து கட்சிக் கூட்டம் வரை குழுவாக அணிகிற, கழுத்துப் பட்டை வைத்த டி-சட்டையின் துணியை உற்றுப் பாருங்கள்: தேன்கூடு போலச் சிறுசிறு மேடுபள்ளங்கள் தெரியும். அவை அச்சும் அல்ல, பூவேலையும் அல்ல. குறிப்பிட்ட இடங்களில் ஊசி பழைய கண்ணியைக் கழற்றாமல் வைத்துக்கொண்டே புது நூலையும் வாங்கிக்கொள்கிறது; இரண்டும் அடுத்த சுற்றில் ஒன்றாகப் பின்னப்படுகின்றன. இதற்கு டக் என்று பெயர். அப்படிப் பின்னிய துணி பிக்கே. எங்கே சாதாரணக் கண்ணி, எங்கே டக், எந்த ஊசியைப் பின்னாமல் நூலைப் பின்புறமாகத் தாண்டவிடுவது என்ற இந்த மூன்று முடிவுகளின் கலவையிலிருந்துதான் எண்ணற்ற துணி வகைகள் பிறக்கின்றன. பின்னலில் வடிவமைப்பு என்பது துணிமேல் வந்து உட்காரும் படம் இல்லை, துணியின் கட்டுமானமே அதுதான். அரையடிக்கு அரையடி சாம்பிள் பின்னிப் பார்க்காமல் அந்தக் கட்டுமானத்தை யாரும் முன்கூட்டி அறிந்துவிட முடியாது.

எடுத்துக்காட்டாக, தோட்டத்து வீட்டு வாசலில் போடும் 5 புள்ளி நெளிக்கோலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நேர்ப்புள்ளி, ஐந்துக்கு ஐந்து. வீடுகளில் வைத்துக்கொள்ளும் சாதாரணப் பின்னல் இயந்திரத்தில் 4.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 200 ஊசிகள் இருக்கும். அதற்குரிய துளை அட்டை 24 கண்ணிகளை ஒரு சுற்றாக வைத்து அதையே திரும்பத் திரும்பப் பின்னச் செய்யும். புள்ளிக்குப் புள்ளி 4 கண்ணி என்று கணக்கு வைத்தால், வெளிச்சுற்றுக் கோட்டையும் சேர்த்து 21 கண்ணிகளில் கோலம் அடங்கிவிடும். மீதி 3 கண்ணிகள் ஒரு கோலத்துக்கும் அடுத்த கோலத்துக்கும் நடுவில் இடைவெளி. கட்டத்தாளில் 21க்கு 21 என்று அழகாக வரைந்து, அட்டையில் துளையிட்டுப் பின்னி எடுத்தால், மேலிருந்து யாரோ அமுக்கியதுபோல் நசுங்கிய கோலம் வெளியே வரும். கண்ணி சதுரமல்ல என்பதுதான் காரணம். இந்த வகை இயந்திரத்தில் மெல்லிய நூலைப் போட்டால் 10 சென்டிமீட்டருக்கு 30 கண்ணியும் 40 வரிசையும் வருவது வழக்கம். அப்படியென்றால் 21 கண்ணிக்கு அகலம் 7 சென்டிமீட்டர், 21 வரிசைக்கு உயரம் ஐந்தேகால் சென்டிமீட்டர்தான். சரிக்குச் சரி வர 28 வரிசை வேண்டும். கூடுதலான 7 வரிசைகளை எங்கே செருகுவது? மூன்றுக்கு ஒரு வரிசையை இரட்டித்தால் வளைவு படிக்கட்டாகிவிடும். மேல்வாக்கில் மட்டும் புள்ளி இடைவெளியை 5 வரிசையாக்கினால் 26 வரிசை, ஆறரை சென்டிமீட்டர். சற்றே தட்டைதான், ஆனால் கண்ணை உறுத்தாது. இப்படி ஒரு முடிவை எடுப்பதற்குத்தான் வடிவமைப்பு என்று பெயர். கட்டத்தாள் இதைச் சொல்லாது. பின்னிய துணியும் அதன்மேல் வைத்த அளவுகோலும்தான் சொல்லும்.

அடுத்த சிக்கல் கோடு. நெளிக்கோலங்கள் பலவற்றில் ஒரே கோடு எடுத்த கையோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவந்து தொடங்கிய இடத்தில் சேர்வதைப் பார்ப்பவர்களுக்கு, ஒரே நூலால் அதைப் பின்னிவிடலாமே என்று தோன்றும். மேடையில் சொல்ல நன்றாக இருக்கும், இயந்திரத்தில் நடக்காது. பின்னலில் நூல் இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் வரிசை வரிசையாகத்தான் போகும். கோலத்தின் கோடு போகும் வழி வேறு, நூல் போகும் வழி வேறு. ஆகவே கோட்டை எதனால் காட்டுவது என்ற கேள்வி பிறக்கிறது. இரண்டு நிற நூலால் காட்டினால், கோட்டு நிறம் தேவைப்படாத இடங்களில் அந்த நூல் துணியின் முதுகில் மிதந்து கிடக்கும். அந்த மிதப்பு ஏழெட்டுக் கண்ணிகளைத் தாண்டினால் விரலும் மோதிரமும் மாட்டும். குழந்தைச் சட்டைக்கு ஆகாது. டக் போட்டுக் காட்டினால் ஒரே நிறத்தில் கோடு புடைத்து நிற்கும். ஆனால் டக் விழுந்த பகுதி அகலத்தில் விரிந்து உயரத்தில் குறுகும்; கோலம் இருக்கும் இடம் உப்பலாகவும் சுற்றுப்புறம் இழுபட்டும் போகும். கண்ணியைப் பக்கத்து ஊசிக்கு மாற்றித் துளை துளையாகக் காட்டினால் வெயிலுக்கு உகந்த துணி கிடைக்கும், கோடு மட்டும் புள்ளிகளாகச் சிதறும். வெறும் துணியைப் பின்னி அதன்மேல் சங்கிலித் தையல் ஓட்டினால் கோலம் அச்சு அசலாக வரும், ஆனால் துணியின் இழுவை அந்த இடத்தில் செத்துவிடும். நான்கு வழி, நான்கு சாம்பிள். இவற்றில் ஒன்று கோலத்தை அப்படியே காட்டும். இன்னொன்று கோலமாகவே தெரியாது, ஆனால் யாரும் இதுவரை பார்த்திராத துணியாக இருக்கும். சோதனைப் பின்னலில் ஈடுபடுவோர் பெரும்பாலும் தேடுவது இந்த இரண்டாவதைத்தான்.

சாம்பிள் இயந்திரத்தை விட்டு இறங்கியதோடு வேலை முடிவதில்லை. சாதாரணக் கண்ணி மட்டும் போட்ட சிங்கிள் ஜெர்சித் துணியின் பக்கவாட்டு ஓரங்கள் பின்பக்கமாகவும் மேல்-கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் சுருண்டுகொள்ளும். துவைத்து உலர்த்திய பிறகுதான் கண்ணிகள் தங்கள் இயல்பான அளவுக்கு வந்து அமரும். கம்பளிக்கு இருக்கிற மீள்தன்மை பருத்திக்குக் கிடையாது. ஒரே அட்டையை இரண்டு நூலில் பின்னினால் இரண்டு வெவ்வேறு துணிகள் வரும். அதனால் முறையாகப் பழகியவர்கள் ஒவ்வொரு சாம்பிளோடும் ஒரு சீட்டைக் கட்டிவைப்பார்கள்: என்ன நூல், இறுக்க எண் எத்தனை, எத்தனை கண்ணி, எத்தனை வரிசை, துவைக்குமுன் அளவு, துவைத்தபின் அளவு, எது கெட்டுப்போனது, ஏன். ஓராண்டில் அந்தச் சீட்டுகள் சேர்ந்து ஒரு நூலகமாகும். வரைந்த நோட்டும் இந்தச் சாம்பிள் நோட்டும் அருகருகே இருந்தால்தான் ஒருவருக்குப் பின்னல் தெரியும் என்று சொல்லலாம்.

கோலத்தை இங்கே இழுத்து வந்தது பழம்பெருமை பேச அல்ல. தோட்டப்புறப் பெண்கள் கையில் இருந்த, அவர்களே சேர்த்துவைத்த வரைநோட்டு அதுவாகத்தான் இருந்தது. பல வீடுகளில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் புள்ளி எண்ணிக்கையோடு கோலங்கள் குறித்துவைக்கப்பட்டிருக்கும். அதை அறிவுத்துறை எவ்வளவு மதித்தது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1970களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிரிதிவாசன் ஆகியோர் கோலங்களை ஒரு பட மொழியாகக் கொண்டு, அதன் இலக்கண விதிகளை ஆராய்ந்து, 1974இல் கணினி வரைகலை ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். சிறிய அலகு ஒன்றை எந்த விதிப்படி பெருக்கினால் பெரிய கோலம் வரும் என்பது அவர்கள் கேள்வி. துளை அட்டையின் 24 கண்ணிகள் கேட்பதும் அதே கேள்வியைத்தான். நம் பெண்கள் விதி தெரியாமல் கைப்பழக்கத்தில் போட்டதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. விதி தெரிந்ததால்தான் 7 புள்ளியை 15 புள்ளியாக விரிக்க முடிந்தது. இன்று தீபாவளிக்குத் தீபாவளி பேரங்காடிகளில் வண்ண அரிசிக் கோலம் போட்டுப் படம் எடுத்து, வாரக் கடைசியில் கூட்டிப் பெருக்கிவிடுகிறோம். கோலம்தான் வேண்டும் என்பதும் இல்லை. நறுக்கிய செம்பனைத் தண்டின் வெட்டுமுகம், செம்பனைக் குலையில் பழங்கள் அடுக்கியிருக்கும் ஒழுங்கு, செகிஞ்சான் வயல்களின் வரப்பும் வாய்க்காலும் போட்ட கட்டங்கள், இவையெல்லாம் இந்த வட்டாரத்துப் பிள்ளை சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற தோரணிகள்தாம்.

ஏன் வெறும் தையல் போதாது என்பதற்குத் திருப்பூரைவிட நல்ல சாட்சி கிடைக்காது. 1925 வாக்கில் ஒரு பனியன் கம்பெனியோடு தொடங்கிய ஊர் அது. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை வணிகர்கள் வழியாக வெள்ளை டி-சட்டை தேடி வந்ததிலிருந்து ஏற்றுமதிக் கதை தொடங்குகிறது. 1980களின் நடுவில் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த ஏற்றுமதி இப்போது 30,000 கோடியைத் தாண்டியிருக்கிறது. காட்டில் உழுதவர்கள் கம்பெனி முதலாளிகள் ஆனார்கள். அந்த உழைப்பைச் சிறுமைப்படுத்த யாருக்கும் தகுதியில்லை. ஆனால் பெரும்பாலான ஆர்டர்களில் படம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, நூல் வகையும் துணியின் எடையும் அங்கிருந்தே குறித்துவரப்படுகின்றன, இங்கே சாம்பிள் போட்டு அனுப்பி ஒப்புதல் வாங்கி ஓட்டுகிறார்கள். அடுத்தவன் படத்துக்குப் பின்னுகிறவன் கையில் விலை இருப்பதில்லை. ஒரு சட்டைக்குச் சில காசு குறைத்துக் கேட்டாலும் மறுக்க முடியாது. அந்த நெருக்கடி எங்கே போய் முடிந்தது என்பதற்கு சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் சாட்சி. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 700க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஆடிப்போனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி போட்டபோது, வேறு எங்கும் கிடைக்கக்கூடிய சாதாரணத் துணியைத் தைப்பவர்கள்தான் முதலில் கையைப் பிசைந்தார்கள். திருப்பூருக்கே இது தெரியாமலில்லை. 1990இல் அமைந்த ஏற்றுமதியாளர் சங்கம் 1997இல் நிஃப்ட்-டீ பின்னலாடை வடிவமைப்புக் கல்லூரியைத் தொடங்கியது வெறும் கௌரவத்துக்காக அல்ல. தனியாக வடிவமைத்து, தனியாகச் சாம்பிள் எடுத்து, வாங்குபவரிடம் இதோ எங்கள் துணி என்று காட்டக்கூடிய கம்பெனிகளுக்கு அங்கே பேரம் பேசும் தெம்பு கூடுதல்.

நம் நாட்டிலேயே பத்து பகாட் இருக்கிறது. ஜொகூரின் அந்த ஊர் பின்னல் துணிக்கும் ஆயத்த ஆடைக்கும் பேர்போனது. அங்கிருந்து எழுந்த ராமாடெக்ஸ் நிறுவனம், ஆப்பிரிக்க நாடுகளுக்கு அமெரிக்கா கொடுத்த வரிச்சலுகையைக் கணக்கில் வைத்து, 2002இல் நமீபியாவின் விண்டூக் நகரில் பெரிய ஆலை திறந்தது. 2004 முடிவோடு உலக ஆடை வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுக்கு வந்தது. 2008இல் அந்த ஆலையும் மூடப்பட்டது. சுமார் 3,000 தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். இதில் ஒரு நிறுவனத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. விலை ஒன்றே பலமாக இருக்கும் தொழில், விலை குறைந்த இடத்தைத் தேடி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தையல் இயந்திரத்தைக் கப்பலில் ஏற்றிவிடலாம்.

எதிர்ப்பக்கம் இரண்டு பெயர்களைச் சொல்கிறேன். இத்தாலியின் கல்லராத்தே நகரில் 1953இல் ஒட்டாவியோ, ரொசிட்டா என்ற மிசோனி தம்பதியர் ஒரு சிறு பின்னல் பட்டறை வைத்தார்கள். ரொசிட்டாவின் குடும்பம் சால்வை தயாரித்து வந்தது. சால்வைக்கென்று இருந்த ராஷெல் இயந்திரத்தை ஆடைத் துணிக்குத் திருப்பி, வண்ண நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில்தான் இன்று உலகம் அவர்கள் பெயரோடு சேர்த்துச் சொல்லும் கோண அலை வடிவம் நிலைபெற்றது. ஜப்பானின் வாகயாமாவில் 1962இல் ஷிமா செய்கி நிறுவனத்தைத் தொடங்கிய மசாஹிரோ ஷிமா கையுறை பின்னும் இயந்திரத்தில் கைவைத்தார். தையலே இல்லாமல் ஒரு கையுறையை முழுதாகப் பின்ன முடியுமானால் ஒரு சட்டையை ஏன் முடியாது என்ற கேள்வியோடு அந்த நிறுவனம் பல்லாண்டு மல்லுக்கட்டி, 1995இல் முழு ஆடையையும் ஒட்டுத்தையல் இல்லாமல் பின்னும் இயந்திரத்தைக் காட்சிக்கு வைத்தது. இவர்கள் வெற்றியில் முதலும் இருந்தது, வாய்ப்பும் இருந்தது. நாமும் ஒரு மிசோனி ஆகிவிடலாம் என்று பசப்ப நான் வரவில்லை. கையில் கிடைத்த சாதாரண இயந்திரத்தை வைத்துப் பின்னிப் பார்த்துக்கொண்டே இருந்தவர்களிடம்தான் புதுமை வந்து சேர்ந்தது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

பின்னலுக்கும் நமக்கும் என்ன ஒட்டு உறவு என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். காலுறையின் மேல்பட்டியும் உள்ளாடையின் இடுப்புப் பட்டியும் நழுவாமல் பிடித்திருப்பது ரப்பர் நூலால். அந்த நூலை உலகுக்கு அனுப்பியதில் மலேசியா முன்வரிசையில் இருந்த நாடு. 1992இல் அமெரிக்கா மலேசிய ரப்பர் நூலுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போடும் அளவுக்கு ஏற்றுமதி இருந்தது. கோலசிலாங்கூர் தோட்டங்களில் விடிவதற்குமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், அந்தப் பால் எப்படி நூலாகித் துணிக்குள் போகிறது என்பதைப் பார்த்ததே இல்லை. பருத்தி நூலோடு ரப்பர் நூலையும் சில வரிசைகளில் மட்டும் சேர்த்துப் பின்னினால், அந்த வரிசைகள் சுருங்கி மற்றவை கொப்புளித்து எழும்; தட்டையாக வரைந்த கட்டம் முப்பரிமாணமாகும். இந்தச் சாம்பிளைப் போட வேண்டிய இடம் என்று உலகில் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இந்த வட்டாரத்தைத்தான் சொல்வேன். பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபொக்கொன்னியே இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார் என்று பாடப்புத்தகத்தில் பெருமையாகப் படிக்கிறோம். ரப்பரோ செம்பனையோ, நம் மக்கள் கைபட்ட பொருள் கச்சாவாகவே தோட்டத்தின் வாசலைத் தாண்டிப் போயிற்று. பயிற்சித் திட்டங்களும் அதே வழக்கத்தைத் தொடர வேண்டுமா?

ஆட்சேபணைகள் வரும், வரவேண்டும். வெயில் நாட்டுக்குப் பின்னல் எதற்கு என்பதற்குப் பதில், கேட்பவர் உடம்பில் இருக்கும் டி-சட்டைதான். பசித்தவனுக்குக் கலை எதற்கு, வேலை கொடுங்கள் என்பது அதைவிடக் கனமான கேள்வி. சாம்பிள் எடுப்பது பொழுதுபோக்கு அல்ல, கூலி உள்ள வேலை. பின்னலாடைக் கம்பெனிகளில் சாம்பிள் பகுதி தனி. அங்கே உட்காருபவர் வெறும் ஓவர்லாக் ஓட்டுபவரைவிடப் பல வேலை தெரிந்தவராக இருந்தாகவேண்டும். பிரிட்டனிலும் இத்தாலியிலும் அமெரிக்காவிலும், ஆடையே தைக்காமல் சோதனைச் சாம்பிள்களை மட்டும் பின்னி ஆடை நிறுவனங்களுக்கு விற்கும் சிறு கூடங்கள் உண்டு. 1977 முதல் ஃபிளாரன்ஸ் நகரில் நடந்துவரும் பிட்டி ஃபிலாட்டி நூல் கண்காட்சிக்கு வருகிறவர்களில் அத்தகையோரும் இருக்கிறார்கள். ஆறு இயந்திரம் வைத்த ஓர் அறையிலிருந்து நூறு பேருக்கு வேலை கிடைக்காது என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆண்டுக்குப் பத்துப் பேர் தேறினால் அதுவே நல்ல விளைச்சல். ஆனால் ஒரே ஊரில் நாற்பது பேருக்கு ஒரே ரவிக்கைத் தையலைக் கற்றுக்கொடுத்து, நாற்பது பேரும் ஒரே வாடிக்கையாளருக்காக விலையைக் குறைத்துக்கொண்டிருப்பதை வேலைவாய்ப்பு என்று கணக்கெழுதுவதைவிட இது நேர்மையானது.

கணினி இருக்கும்போது சாம்பிள் எதற்கு என்பது புதிய ஆட்சேபணை. ஷிமா செய்கி போன்றவர்களின் மென்பொருளில் பின்னலைத் திரையிலேயே பார்க்கலாம். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் கோலம் போட்ட சட்டையை நொடியில் வரைந்து தருகிறது. நிறம் பொருத்திப் பார்க்க, அளவு மாற்ற, நூல் வீணாவதைக் குறைக்க இவை நல்ல உதவி. வேண்டாம் என்று சொல்வது மடமை. ஆனால் திரையில் வரும் துணி சுருளாது, துவைத்தால் சுருங்காது, மிதக்கும் நூலில் மோதிரம் மாட்டாது. குறிப்பிட்ட நூல் குறிப்பிட்ட இறுக்கத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை யாரோ ஒருவர் உண்மையான துணியைப் பின்னி அளந்து ஊட்டினால்தான் மென்பொருளுக்கே அது தெரியும். நசுங்கிய கோலத்தைக் கையால் தொட்டுப் பார்த்த பிள்ளை, கணினி தரும் படத்தில் எது பின்னலுக்கு ஆகாது என்று சட்டென்று சொல்லும். தொடாத பிள்ளைக்குத் திரையில் வருவதெல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

போட்ட சாம்பிளை எவனாவது பார்த்துக் காப்பியடித்துவிட்டால் என்பதும் நியாயமான பயம். மலேசியாவில் 1996ஆம் ஆண்டுத் தொழில் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. ஒரு பொருளின் மேல் அமையும் தோரணியையும் அலங்காரத்தையும் பதிவுசெய்துகொள்ளலாம். முறையாகப் புதுப்பித்தால் 25 ஆண்டு வரை பாதுகாப்பு நீடிக்கும். வடிவம் புதியதாக இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே ஊரார் சொத்தான 5 புள்ளிக் கோலத்தை அப்படியே பின்னி எனக்கே சொந்தம் என்று யாரும் பதிய முடியாது. பதிய அனுமதிக்கவும் கூடாது. அதிலிருந்து பிறந்த, கோலமென்றே அடையாளம் தெரியாத அந்தப் புதுத் துணியின் தோரணியைப் பதியலாம். பதியுமுன் முகநூலில் படம் போட்டு விருப்பக்குறி சேர்ப்பதுதான் நம்மவர்களின் வழக்கமான தவறு. புதுமை என்ற தகுதியையே அது கெடுத்துவிடக்கூடும் என்பதைச் சாம்பிள் அறையின் முதல் பாடமாக வைக்கலாம்.

செய்வதற்கு வானத்தை வில்லாக வளைக்க வேண்டியதில்லை. பிரதர் நிறுவனம் வீட்டுப் பின்னல் இயந்திரங்கள் செய்வதை நிறுத்திப் பல காலமாயிற்று. பழையவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கடலோர ஈரக்காற்றில் ஊசி துருப்பிடிக்கும், ஊசிகளை அமுக்கிப் பிடிக்கும் பஞ்சுப் பட்டை நைந்துபோகும்; அதைக் கழற்றி மாற்றக் கற்றுக்கொள்வதே பயிற்சியின் ஒரு பாகம். இடத்துக்குச் சபாக் பெர்ணம் சமூகக் கல்லூரி இருக்கிறது. ரவாங்கில் இருக்கும் தேசியக் கைவினைக் கழகத்தில் பாத்தேக்கும் நெசவும் முறையாகக் கற்பிக்கப்படுகின்றன. பின்னலில் ஒரு கூட்டு ஏற்பாடு கேட்பதற்கு நம் அமைப்புகளுக்கு நா எழ வேண்டும், அவ்வளவுதான். ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் என்று இந்தியர் சமுதாயத்துக்கு ஒதுக்கப்பட்டுவந்த மித்ரா நிதியில் இது பொட்டு அளவு. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் தோரணித் தாள்களில் சிலவற்றை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து அந்த அறையில் பின்னிக்காட்டினால், காட்சிக் கலைப் பாடத்தைப் பெற்றோர் பார்க்கும் பார்வையும் மாறும்.

சிக்கல் பணத்தில் இல்லை, கணக்கெடுக்கும் முறையில் இருக்கிறது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை சான்றிதழ் கொடுத்தோம், நிறைவு விழாவுக்கு யார் தலைமை தாங்கினார் என்பதே பயிற்சி அறிக்கையின் சாரமாக இருக்கும்வரை சாம்பிள் அறை தாக்குப்பிடிக்காது. ஏனென்றால் அங்கே பின்னுவதில் பாதிக்கு மேல் வேலைக்கு ஆகாமல் போகும், போகவும் வேண்டும். ஆகவே மானிய விண்ணப்பத்திலேயே, கழிவான நூலுக்கென்று ஒரு செலவினத்தை வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. நூலில் இத்தனை பங்கு சோதனையில் தீரும், அதற்கு ஈடாக இத்தனை சாம்பிளும் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டும் காட்டப்படும் என்று ஒப்பந்தமாக வைத்துக்கொள்ளலாம். தணிக்கைக்கு வருகிறவர் வருகைப் பதிவேட்டைக் கேட்பதற்குப் பதில், வரைநோட்டையும் சாம்பிள் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டிப் பார்த்து, 21 வரிசை ஏன் 26 ஆயிற்று என்று பயிற்சியாளரைக் கேட்கட்டும்.